குளிர்காலத்துக்கு வாத்துப் பெல்லட் வாங்கலாமா? ஆறு கூஸ் வாத்துகளுக்கு நான்கு மூட்டை போட்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அந்த ஒன்றைக் குறைத்தது மூட்டையின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற தீவன அட்டவணைக்காக. அதை அப்படியே நம்பிப் போட்டால் நல்ல தீவனமே வாத்தைக் கெடுத்துவிடும், எப்படி என்று கீழே வருகிறேன். "நீர்ப்பறவைப் பராமரிப்புப் பெல்லட்", அதாவது அழுத்திச் சிறு உருளையாக்கிய தீவனம் என்று விற்கிற 25 கிலோ மூட்டை இது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, இந்த வகைத் தீவனம் பல பேரிடம் கிட்டத்தட்ட ஒரே சேர்மானத்தில்தான் கிடைக்கிறது, பெயரைவிட லேபிளைப் படித்து வாங்குவதுதான் சரி.

என்னிடம் இருப்பது ஆறு. எம்டன் என்கிற பெரிய இனத்தில் ஒரு ஜோடி, மீதி நான்கும் நெற்றியில் குமிழ் உள்ள சீன வகை. (வாத்து என்று நான் இங்கே சொல்வதெல்லாம் கூஸ் வாத்தைத்தான், குளத்தில் மிதக்கிற சின்ன வாத்தை அல்ல. இரண்டுக்கும் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சின்ன வாத்து புழு, நத்தை, தானியம் என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். இதுவோ அடிப்படையில் புல் மேய்கிற ஜீவன், ஆட்டுக்கு இறக்கை முளைத்த மாதிரி.) கோடையில் இவற்றுக்கு நான் செலவே செய்வதில்லை. புல் நன்றாக இருந்தால் சாயங்காலம் கொட்டகைக்குள் வரவழைக்க ஒரு கைப்பிடி கோதுமை போதும். உறைபனி விழ ஆரம்பித்ததும் கதை மாறிவிடுகிறது. புல் தரையில் இருக்கும், பச்சையாகக்கூடத் தெரியும், ஆனால் வளர்ச்சி நின்றுபோனதால் அதில் சத்து குறைவு. கூஸின் குடலும் மாட்டுக் குடல் மாதிரி நாரைப் புளிக்கவைத்துச் சத்தெடுக்கிற குடல் இல்லை, தின்றது இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். இளம் புல்லில் அது பிழைத்துக்கொள்ளும், காய்ந்த முற்றல் புல்லில் நாள் முழுக்க மேய்ந்தாலும் வயிறு நிறையுமே தவிர உடம்பு ஒட்டாது.

போன குளிர்காலத்தில் நான் செய்த கூத்தைச் சொன்னால்தான் இந்தப் பெல்லட்டின் அருமை புரியும். வீட்டில் கோழிகளும் இருக்கின்றன, அதனால் அவற்றுக்கு வாங்கிய முட்டைக்கோழித் தீவனத்தையே வாத்துகளுக்கும் போட்டேன், குளிருக்குச் சூடாக இருக்கட்டும் என்று மக்காச்சோளமும் தாராளமாகக் கொட்டினேன். இரண்டுமே தப்பு. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், தினமும் ஓடு கட்டுகிற கோழிக்கு அது தேவை. குளிர்காலத்தில் முட்டையே போடாத பெட்டைக்கும் எந்தக் காலத்திலும் முட்டை போடாத ஆணுக்கும் அது சிறுநீரகத்துக்குத்தான் சுமை. மக்காச்சோளத்தில் மாவுச்சத்து நிறைய, புரதம் எட்டு, ஒன்பது சதவீதம்தான். கடுங்குளிர் ராத்திரிக்கு ஒரு கைப்பிடி என்றால் நல்லது, நான் போட்ட அளவு யானைக்குக் காணும். குளிர்காலம் முடியும்போது எம்டன் பெட்டையின் வயிறு தரையைத் தொட்டது. பிறகு அடைவைத்த பன்னிரண்டு முட்டையில் எட்டு கூமுட்டை. கொழுப்பு மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கொழுத்த ஜோடி சரியாக இணைசேராது, கரு நிற்பதும் குறையும் என்பது வாத்து வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

சரி, இப்போது லேபிள். புரதம் 15 சதவீதம், கால்சியம் 1 சதவீதம், நியாசின் (பி3 விட்டமின்) கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றுக்காகத்தான் வாங்கினேன். வளர்ந்த வாத்தைக் குளிரில் அப்படியே காப்பாற்ற 14 முதல் 16 சதவீதப் புரதம் போதும், அதற்கு மேல் போவது வீண். நியாசினைத் தனியாகப் போட்டிருப்பது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நீர்ப்பறவைகளுக்கு இது கோழியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும், கோழித் தீவனத்தை மட்டும் தின்று வளர்கிற குஞ்சுகளுக்குக் கால் வளைந்துபோவது பெரும்பாலும் இது பற்றாமல்தான். வளர்ந்ததற்கு அவ்வளவு ஆபத்து இல்லை, இருந்தாலும் இருக்கட்டும். இன்னொன்று, கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்குப் போடுகிற மருந்து எதுவும் இதில் கலக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்துகளில் சில நீர்ப்பறவைகளுக்கு ஆகாது, அதனால் மருந்து கலந்த தீவனத்தை வாத்துத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

பெல்லட் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான உருளை, நாலரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். வாத்தின் அலகுக்குச் சரியான அளவு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் உடைந்து கூழாகிவிட்டது, அதாவது கல் மாதிரி இறுக்கவில்லை, வயிற்றிலும் சீக்கிரம் கரையும். குறை என்றால் தூள். ஒரு மூட்டையை முழுக்கச் சலித்துப் பார்த்ததில் ஒன்றரை கிலோ மாவு விழுந்தது. கோழி என்றால் பொறுக்கித் தின்றுவிடும். வாத்து வாய் நிறையத் தூளை அள்ளும், உடனே தண்ணீருக்கு ஓடும், அங்கே முக்கால்வாசி கரைந்துபோகும், மிச்சம் மூக்குத் துளையில் பசையாக அப்பிக்கொள்ளும். நான் இப்போதெல்லாம் சலித்துவிட்டுத்தான் போடுகிறேன், தூளைத் துருவிய கேரட்டோடு பிசைந்து ஒரு தட்டில் வைத்தால் அதையும் நக்கித் துடைத்துவிடுகின்றன.

இனி அந்த அட்டவணை. சின்ன வாத்து, கூஸ் இரண்டையும் ஒரே வரியில் போட்டு "எந்நேரமும் தொட்டியில் தீவனம் இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பத்து நாள் அப்படியே செய்தேன். காலையில் தொட்டியை நிரப்பினால் பதினைந்து நிமிடம் தின்னும், அப்புறம் வேலை இல்லை. வேலை இல்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். கோடையில் இந்த ஜீவன்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை மேய்வதில் கழிக்கின்றன, கழுத்தை நீட்டி நீட்டிப் புல் நுனியை வெட்டிக்கொண்டே நடப்பதுதான் அவற்றின் பிழைப்பு. அந்த வேலையைக் குளிர் பிடுங்கிக்கொள்கிறது, நாம் பதினைந்து நிமிடத்தில் முடிகிற பெல்லட்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வீட்டுக்குள் போய்விடுகிறோம். நான்காவது நாளே கொட்டகைக் கதவின் மரத்தைக் கொறிக்க ஆரம்பித்தன. பெரிய எம்டன் ஆண் ஒரு சீனப் பெட்டையின் முதுகிறகைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது, பாவம் அது பேசாமல் நின்றது. நடுநடுவே போரடித்தால் மறுபடி தொட்டிக்குப் போய்ப் பெல்லட். பசிக்குத் தின்பது வேறு, பொழுதுபோகாமல் தின்பது வேறு, மனிதனுக்கும் அதே கதைதான்.

அதனால் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு அளந்து போட ஆரம்பித்தேன். புல் இல்லாத நாளில் வளர்ந்த வாத்து ஒன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் தீவனம் பிடிக்கும், பெரிய இனத்துக்குக் கொஞ்சம் கூட, சின்ன இனத்துக்குக் கொஞ்சம் குறைய. நான் கூடவே இலைதழையும் கொடுப்பதால் ஆறுக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு கிலோ. இரண்டு வேளை, காலையில் பாதி, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மீதி. இந்தக் கணக்கில் ஒரு மூட்டை இருபத்தைந்து நாள் ஓடியது. தொட்டியையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன், இல்லாவிட்டால் எம்டன் ஆண் குறுக்கே நின்று மற்றதை அண்டவிடாது.

வேலை கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் குளிர்காலத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம், ஒரு மூட்டையிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். மிகச் சுலபம் முட்டைக்கோஸ். முழுக் கோஸை ஒரு மர முளையில் குத்தி வாத்தின் கழுத்து உயரத்தில் நட்டு வையுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் தூரத்தில் நின்று சந்தேகத்தோடு கத்தின, ஏதோ பேய் வந்த மாதிரி. அப்புறம் ஒரு சீனப் பெட்டை வந்து ஒரு இலையைக் கடித்து இழுத்தது. அந்த நறுக் சத்தம் கேட்டதும் மற்ற ஐந்தும் ஓடிவந்தன. கடித்து இழுக்கும்போது கோஸ் சுற்றும், அடுத்தது கடிக்கும், இந்தப் பக்கம் சுற்றும். ஒன்றரை மணி நேரத்தில் தண்டு மட்டும் மிச்சம், அந்தத் தண்டையும் மறுநாள் கொறித்துக்கொண்டிருந்தன. நாளாக ஆகக் கோஸையே கொடுக்காமல் கீரை, லெட்டூஸ், கேரட் தழை, பிளந்த பூசணி என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

முளைகட்டிய பார்லி அதற்கும் மேல். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஓட்டை போட்ட தட்டில் பரப்பி, காலையும் மாலையும் அலசினால் நான்கைந்து நாளில் வேரும் வெள்ளை முளையுமாகப் பின்னிப் பாய் மாதிரி வந்துவிடும். அப்படியே தூக்கித் தரையில் போட்டால் பிய்த்துப் பிய்த்துத் தின்ன ஒரு மணி நேரம் பிடிக்கும், கிட்டத்தட்ட மேய்ச்சல்தான். அலசுவதில் ஒரு வேளை சோம்பேறித்தனம் பட்டாலும் பூஞ்சை வந்துவிடும், லேசாக வாடை அடித்தாலே குப்பையில் போடுங்கள், யோசிக்க வேண்டாம். உலர் புல்லும் கொடுக்கலாம், ஆனால் இலை நிறைந்த மென்மையான புல்லாக இருக்க வேண்டும், மூன்று நான்கு சென்டிமீட்டராக வெட்டிப் போட வேண்டும். நீளமான முரட்டுத் தண்டு தொண்டைக்குக் கீழே சிக்குப் பிடித்து அடைத்துக்கொள்ளும். குதிரைமசால் பெல்லட்டை ஊறவைத்தும் போட்டேன், ஆசையாகத் தின்கின்றன, அதில் கால்சியம் அதிகம் என்பதால் வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

கிரிட், அதாவது தீனியை அரைக்கப் பறவை விழுங்குகிற சிறு கல், அதைப் பற்றி மூட்டையில் ஒரு வரிகூட இல்லை. பெல்லட் மட்டும் தின்றால் கரைந்துவிடும், பெரிதாகத் தேவைப்படாது. தானியமும் தழையும் சேர்த்தால் அரைவைப்பையில் கல் வேண்டும், அதுதான் வாத்துக்குப் பல். மற்ற காலத்தில் தரையிலிருந்து தானே பொறுக்கிக்கொள்ளும், தரை உறைந்து கிடக்கும்போது எங்கே போகும்? கரையாத கருங்கல் கிரிட்டை ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். கிளிஞ்சல் தூள் வேறு சாமான், அது கரைந்து கால்சியமாகப் போகிறது, அரைக்க உதவாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய, நானும் ஒரு வருடம் குழப்பினேன்.

தண்ணீர்தான் உண்மையான தலைவலி. இந்த உலர்ந்த பெல்லட்டை நாலு வாய் தின்றதும் வாத்து தண்ணீரைத் தேடும், அந்த நேரத்தில் தொட்டி உறைந்து கிடந்தால் தொண்டையில் அடைத்துக்கொண்டு கழுத்தை முறுக்கி முறுக்கி நீட்டும், பார்க்கவே பயமாக இருக்கும். தலை முழுக்க முங்குகிற ஆழமும் வேண்டும், கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள. நான் கறுப்பு ரப்பர் தொட்டி இரண்டு வைத்திருக்கிறேன், உறைந்தால் கவிழ்த்து ஒரு மிதி, பனிக்கட்டி அப்படியே கழன்று விழும், பிளாஸ்டிக் என்றால் தொட்டியே விரிசல் விட்டுவிடும். தீவன வேளையில் இரண்டு முறையும் வெதுவெதுப்பான தண்ணீர். தொட்டி தீவனத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் தீவனம் பாதி தண்ணீருக்குள் போவது குறையும். ராத்திரி கொட்டகைக்குள் நான் தண்ணீர் வைப்பதில்லை, ஆகவே தீவனமும் வைப்பதில்லை, ஒன்றில்லாமல் மற்றொன்று கூடாது. சாயங்காலக் கோதுமையைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் போடுவது என் பழக்கம், சிட்டுக்குருவியும் எலியும் திருட முடியாது, வாத்துகளும் தலையை முக்கித் துழாவி எடுக்கும். ஒரு நாள் போட்டது மிச்சமாகி, காலையில் கோதுமை பதித்த பனிப்பலகை ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து அளவைப் பாதியாக்கினேன்.

மூன்றாவது மூட்டையில் ஒரு சம்பவம். பிரித்ததும் பழைய பாதாள அறை வாடை, அடிப்பக்கம் பெல்லட் கட்டியாகி நீலம் பூத்திருந்தது. விற்றவரிடம் கொண்டுபோனால் "வெயிலில் காயவைத்துப் போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகாதா? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும், வாத்துக் குஞ்சுகள் செத்ததும் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால்தான், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே அதிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளுக்கு அது கோழியைவிட வேகமாக ஈரலைத் தாக்கும், காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. இதைப் பொறுமையாகச் சொல்லி, மூன்று நாள் நடையாய் நடந்துதான் மாற்றி வாங்கினேன். தயாரித்த தேதி அழிந்துபோய்ப் படிக்கவே முடியவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல். தேதி தெரியாத மூட்டையை வாங்காதீர்கள், பழசானால் விட்டமினும் போய்விடும். வாங்கியதைத் தரையில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் கொட்டி வைப்பது எலிக்கும் ஈரத்துக்கும் நல்லது.

மூட்டையைத் தைத்திருக்கிற நூலும் கவனிக்க வேண்டிய விஷயம். அவசரத்தில் கத்தரியால் வெட்டிவிட்டுத் துண்டை அங்கேயே போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒரு சீன ஆணின் அலகு ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துத் திறந்து பார்த்தால் நாக்கைச் சுற்றி இரண்டு சுற்று. நல்ல வேளை, விழுங்கியிருக்கவில்லை, பிரித்து எடுத்தேன். தொண்டைக்குள் இறங்கியிருந்தால் இழுக்கக்கூடாது, நேரே கால்நடை மருத்துவர்தான். இப்போது நூலை முழுசாக உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூட்டையைத் தொடுகிறேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் எடை போட்டேன். முதலில் நான் மட்டும் தராசில், அப்புறம் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை பின்பக்கம் பார்க்கிற மாதிரி. அப்படிப் பிடித்தால் முகத்தைக் கொத்தாது, முதுகுச் சட்டையைக் கடித்துத் திருகும், அது பரவாயில்லை. எம்டன் பெட்டை போன வருடக் கொழுப்போடு 9.6 கிலோவில் ஆரம்பித்து 8.9-க்கு வந்து நின்றது. சீனப் பெட்டைகள் 4.4, 4.5 என்று அசையவே இல்லை, அதுதான் வேண்டும். எடையைவிட நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன்: கத்தி மாதிரி துருத்தினால் பட்டினி, எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு, விரலுக்குத் தட்டுப்பட்டு இரண்டு பக்கமும் சதை நிறைந்திருந்தால் சரி. இறகில் பளபளப்பு வந்திருக்கிறது. எச்சமும் பழைய தண்ணீர்க் கழிச்சல் மாதிரி இல்லை, உருண்டு விழுகிறது, கொட்டகை கூட்டுகிறவனுக்குத்தான் அதன் சுகம் தெரியும்.

பெல்லட் இருக்கிறதே என்று வீட்டில் மிச்சமான ரொட்டியையும் உப்புப் போட்ட சாப்பாட்டையும் கூடக் கொட்டுவதை நிறுத்திவிடுங்கள். பச்சை ஏறிய உருளைக்கிழங்குத் தோல், வேகவைக்காத காய்ந்த பீன்ஸ், அவகாடோ மூன்றும் அறவே கூடாது.

இப்போது பகல் நீள ஆரம்பித்துவிட்டது. பெட்டைகள் வைக்கோலை அலகால் இழுத்து மூலையில் சேர்க்கின்றன, போன வாரம் இனப்பெருக்கத் தீவனத்துக்கு மெதுவாக மாற்றத் தொடங்கினேன், முட்டைக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே ஆரம்பித்தால்தான் பலன். கிளிஞ்சல் கிண்ணமும் நேற்று வைத்தாயிற்று, பெட்டைகள் மட்டும் போய்க் கொத்துகின்றன, ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. நான்காவது மூட்டையில் ஆறேழு கிலோ மிச்சம் இருக்கிறது. இன்று காலை அதிலிருந்து அளந்து கொட்டிவிட்டு வந்து பார்த்தால் தொட்டி அப்படியே இருக்கிறது, ஆறும் வேலி ஓரத்தில் வரிசையாக நின்று, முளைத்து ஒரு விரல்கூட வளராத புல்லை வெட்டிக்கொண்டிருக்கின்றன.